பாட்டன் டாங்கியில் ஒட்டவேண்டிய சேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

1965 இந்தியா-பாகிஸ்தான் போர் பற்றி ஞாயிறு இதழில் படித்ததும், வளவில் உட்கார்ந்து நானும் என் அக்கா மகனும் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தப் போரில் பாகிஸ்தான் இறக்கிய அமெரிக்க ‘பாட்டன்’ டாங்கி ஞாபகம் வந்தது, 35-ல் ஒரு பங்கு அளவு பிளாஸ்டிக் மாடல். பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தைக் கட்டரால் எடுத்து, வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துதான் ஒட்டவேண்டும், அவசரப்பட்டால் வடு பெயின்டுக்கு மேலேயும் தெரியும். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினை ஒட்டவே எங்களுக்கு நாலு சாயங்காலம் ஆனது.

அப்புறம் சேறு. பையன் நம்ம ஊர்ச் செம்மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டான். ஆனால் பஞ்சாபில் அசல் உத்தர் என்ற ஊர்ப் பக்கம் அந்த டாங்கிகள் மாட்டியது கால்வாய் நீர் பாய்ச்சிய வயலில், அது வண்டல் மண், சிவப்பே கிடையாது. எல்லாவற்றையும் கழுவிவிட்டு, கண்மாய் வண்டலைக் காயவைத்து மெல்லிய துணியில் சலித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து சக்கரத்தில் வைத்தோம், சரியாக அமைந்தது. அந்தச் சேறு எப்படி வந்தது என்று அவனாகவே தேடிப் படித்தான், அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

சிறுவர் பக்கத்தில் இந்தக் கலைக்கும் இடம் கொடுங்கள். ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கியிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு வாசகர், காரைக்குடி