சாணைக்கல் பக்கம் பார்

நாரா, ஜப்பான்

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்குள்ள தச்சர்களுக்கு மட்டும் எப்படி அப்படியொரு கை என்று கேட்டிருந்தாய். கையைப் பார்த்தால் விடை கிடைக்காது. சாணைக்கல் பக்கம் பார்க்க வேண்டும்.

இங்கே இழைப்புளியைத் தள்ளுவதில்லை, தன் பக்கமாக இழுக்கிறார்கள். கன்னா என்று பேர். அலகை இறுக்க ஆப்பு கிடையாது. அலகு தலைப்பக்கம் தடித்தும் வாய்ப்பக்கம் மெலிந்தும் இருக்கும், கட்டையில் வெட்டிய காடியில் தானே இறுகிக்கொள்ளும். அலகின் தலையில் தட்டினால் வாய் வெளியே வரும், கட்டையின் பின்விளிம்பில் தட்டினால் உள்ளே போகும்.

அலகு ரெண்டு உலோகம். மெல்லிய கடின எஃகு, அதன் முதுகில் மெத்தென்ற இரும்பு. எஃகுப் பக்கத்தின் நடுவே ஆழமில்லாத குழிவு. தீட்டத் தீட்ட வாய் தேய்ந்து ஒருநாள் அந்தக் குழிவைத் தொட்டுவிடும். அதற்கு முன்பே சரிவுப் பக்கத்தில் இரும்பை மட்டும் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி, எஃகை மறுபக்கம் பிதுக்குகிறார்கள். தட்டுகிற இடத்துக்கு நேர் கீழே அலகு பட்டடையின் மூலையில் ஒட்டி உட்கார வேண்டும். ஒரு அடி எஃகில் பட்டால் வாய் விரிசல் விடும். பத்து அலகு பாழாக்கினால்தான் வரும் வித்தை இது என்று எனக்குத் தோன்றுகிறது.

தீட்டுவது தண்ணீர்க் கல்லில். முதலில் 1000 எண் கல், பிறகு இன்னும் நைசான 6000 அல்லது 8000. தீட்டுமுன் கல்லைச் சமப்படுத்துகிறார்கள், அதுதான் நம்மவர்கள் விட்டுவிடுவது. கல்மேல் பென்சிலால் கோடு கிழித்து, வைரத் தகட்டில் கடைசிக் கோடு அழியும்வரை தேய்ப்பார்கள். கல் நடுவில் குழிந்திருந்தால் அலகின் வாயும் வில்லாக வளையும். தீட்டும்போது வாயோரம் எழும் பிசிறு ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை விரலில் தட்டுப்படாமல் அடுத்த கல்லுக்குப் போவதே இல்லை.

கட்டையின் அடிப்பக்கமும் முழுக்கச் சமமில்லை. கடைசி இழைப்புக்கு வைத்திருக்கும் கன்னா, முன்நுனியிலும் அலகு வெளிவரும் திறப்பை ஒட்டியும் மட்டும் மரத்தைத் தொடும். மற்ற இடத்தை மயிரளவு சுரண்டியிருப்பார்கள். ஜூன் மழையில் கட்டை ஈரம் குடித்துக் கோணும், அதனால் வேலைக்கு முன் நேர்ச்சட்டம் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

பிறகு இழைக்கும்போது வரும் மரச்சுருளைப் படிப்பார்கள். ஒரு ஓரம் தடித்தால் அலகு சாய்ந்திருக்கிறது. நீளவாக்கில் கிழிந்தால் அலகின் வாய் ஓரிடத்தில் ஒடிந்திருக்கிறது. தூளாக உதிர்ந்தால் மழுங்கல். எதற்கும் அழுத்திப் பிடித்துச் சமாளிப்பது கிடையாது, நிறுத்திவிட்டுக் கல்லுக்குத் திரும்புவார்கள். இழைப்புப் போட்டிகளில் 10 மைக்ரானுக்கும் மெல்லிய சுருள் வருகிறது, தலைமுடியின் கனத்தில் பல மடங்கு குறைவு.

இன்னொரு காரணம், வேலை அறாமல் வருவது. இசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013, அடுத்தது 2033. இருபதில் எடுபிடியாக நின்றவன் நாற்பதில் பொறுப்பேற்று, அறுபதில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம்.

உன் கல்லில் பென்சில் கோடு போட்டுத் தேய்த்துப் பார். எந்த இடத்துக் கோடு கடைசிவரை அழியாமல் நிற்கிறது என்று எழுது. அம்மாவிடம் குளிர் இன்னும் தொடங்கவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
அண்ணன்