மாதையன் மகள் விஷயமாக

அன்புள்ள ரவிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியதற்கு உன்னை நாலு வார்த்தை திட்டி எழுத வேண்டும். அதை அடுத்த கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய். விஷயம் பெரிசு, அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம மாதையன் மகளைக் காலேஜை விட்டு அனுப்பிவிட்டார்கள். பி.எஸ்சி. நர்சிங் படிக்கிற சின்னவள், மூன்றாம் வருஷம். அவள் பிறந்தபோது நீ கொடுத்த பெயர் யோசனையை நான் இன்னும் மறக்கவில்லை. மாதையன் பொண்டாட்டியும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரி போஸ்டிங்குக்குக் கூட்டிப்போகிற பஸ்ஸுக்கு வருஷ பீஸோடு சேர்த்து வாங்கிவிட்டு, நடுவில் மறுபடியும் பணம் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கூடி பிரின்சிபாலுக்கு ஒரு மனு எழுதின. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று இவளை எழுதச் சொல்ல, இவள் பெயரே முதலில் விழுந்துவிட்டது. வந்தது வினை. மறுநாள் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டு, பெட்டியை ஹாஸ்டல் வாசலில் வைத்துவிட்டார்கள்.

மாதையனுக்குப் போன் போயிருக்கிறது. பாலக்கோடு மண்டியில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே ஓடினான். உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். ஒரு தாளை நீட்டி, “இதுல கையெழுத்துப் போட்டுட்டு டி.சி. வாங்கிக்கங்க. பொம்பளப் புள்ள, பேரு கெடாம போகட்டும்னுதான் இப்படி” என்றார்களாம். நம்ம ஆள் என்ன செய்தான் தெரியுமா? “கண்ணாடி எடுத்தாரலைங்க சார், ஊருக்குப் போய்ப் படிச்சுப் பாத்துட்டுப் போட்டுத் தாரேன்” என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் எந்தக் காலத்தில் கண்ணாடி போட்டான்! கணக்கு வாத்தியார் இவனைப் போய் மக்கு என்றாரே.

அந்தத் தாள் இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ‘எனது மகன் / மகள்’ என்று இரண்டையும் டைப் செய்திருக்கிறது, வேண்டாததைக் கோடு போட்டுக்கொள்ளலாம். பெயருக்கும் வருஷத்துக்கும் புள்ளிக்கோடு. மற்றதெல்லாம் தயார்: ‘உடல்நிலை மற்றும் குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ அவளுக்கு ஜலதோஷம்கூட இல்லை. நான் டைப் அடித்துப் பிழைக்கிறவன், புள்ளிக்கோடு எதற்கு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இது மாதையன் மகளுக்காக அடித்த தாள் இல்லை ரவி. இவளுக்கு முன்னால் எத்தனை தகப்பன்கள் இதில் பேனா வைத்தார்களோ. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம்ம கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிற வக்கீலம்மாவிடம் தாளைக் காட்டினேன். “இதில் கையெழுத்து விழுந்திருந்தால், நாங்கள் யாரையும் நீக்கவே இல்லை, தகப்பனே வந்து டி.சி. கேட்டார் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள்” என்றார். நீக்கினோம் என்று எழுத்தில் ஒரு வரிகூட அவர்கள் கொடுக்கவில்லை, கவனித்தாயா? அதனால் முதல் வேலையாக, எந்தக் குற்றத்துக்காக, எந்த விசாரணையில், யார் போட்ட உத்தரவு, அதன் நகலைக் கொடுங்கள், அதுவரை வகுப்பில் சேருங்கள் என்று கேட்டு நானே அடித்தேன். பிரின்சிபாலுக்கு ஒன்று, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒன்று. பதிவுத் தபாலைத்தான் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்களே, அதில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்தியாயிற்று.

காலேஜுக்கு யாரையும் நீக்குகிற அதிகாரமே இல்லையென்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, பதிலைக் கேட்டு, அப்புறம்தான் முடிவு எடுக்க வேண்டும். வக்கீலம்மா ஒரு பழைய தீர்ப்பு சொன்னார். உத்தரப்பிரதேசத்தில் 1954-இல் இன்டர்மீடியட் எழுதிய மூன்று பையன்கள், காப்பி அடித்ததாகச் சொல்லி ரிசல்டை ரத்து செய்துவிட்டார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 1962-இல் சொல்லிவிட்டது. அதே கோர்ட்டுதான் 1973-இல் ராஞ்சி மெடிக்கல் காலேஜ் வழக்கில் வேறு மாதிரி சொன்னது. பெண்கள் ஹாஸ்டலில் புகுந்து அசிங்கம் செய்த பையன்கள், எங்களை வைத்துக்கொண்டு அந்தப் பெண்களை விசாரிக்கவில்லை என்று முறையிட்டார்கள். குற்றத்தைச் சொல்லிப் பதில் வாங்கியாயிற்று, அந்தப் பிள்ளைகளை உங்கள் முன்னால் நிறுத்த வேண்டியதில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பையன்களுக்குக் கிடைத்த அளவுகூட இவளுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

பச்சையப்பனுக்கு இதைச் சொன்னதும், “நுகர்வோர் கோர்ட்டுல போடு, நஷ்டஈடே வாங்கிடலாம்” என்று குதித்தான். பரீட்சை நடத்துவதெல்லாம் அந்தச் சட்டம் சொல்கிற சேவை இல்லை என்று மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லிவிட்டதாம், அந்த வழியை நம்ப முடியாது என்றார் வக்கீலம்மா. பச்சையப்பன் அதோடு எம்.எல்.ஏ. லெட்டருக்குத் தாவிவிட்டான்.

இருக்கிற வழி இரண்டு. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2023-இல் கொண்டுவந்த விதிப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவில் மனு போடலாம். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். ஒத்துவராவிட்டால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகம் நியமித்த குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, அவருக்கு 30 நாள். சர்டிபிகேட்டைத் தராமல் பிடித்து வைப்பதும் அந்த விதியில் புகார் செய்யக்கூடிய குறைதான். ‘மீதி வருஷ பீஸையும் கட்டினால்தான் பிளஸ் டூ மார்க் ஷீட்’ என்று இவளை மிரட்டியிருக்கிறார்கள், அதனால் அதையும் மனுவில் சேர்த்தேன். ஆனால் குழுவில் உட்காருவது அந்தக் காலேஜ் பேராசிரியர்கள்தான். வேலிக்கு ஓணான் சாட்சி.

இன்னொன்று ஐகோர்ட்டில் ரிட், அதாவது உரிமையைப் பறித்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி நேராகப் போடுகிற மனு. தனியார் காலேஜ் மேல் போட முடியுமா என்றுதான் நானும் கேட்டேன். பொதுக்கடமை செய்கிற நிறுவனம் என்றால் தனியார் மேலும் போடலாம் என்று 1989-லேயே குஜராத் காலேஜ் வழக்கு ஒன்றில் தீர்ப்பாகியிருக்கிறது. குழு இருக்கிறதே, அங்கே போ என்று திருப்பி அனுப்பினால்? விளக்கமே கேட்காமல் தண்டித்த இடத்தில், வேறு வழி இருப்பது ரிட்டுக்குத் தடை இல்லை என்று 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறதாம். நம்ம வாஷிங் மெஷின் கம்பெனிதான்! மாதையன் மகளுக்கு அது எப்படியெல்லாம் உதவுகிறது பார்.

இப்போது என்னைக் குடைகிறது நாள் கணக்கு. நர்சிங் கவுன்சில் விதிப்படி தியரி, பிராக்டிகல் இரண்டிலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகலை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். இவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நாளும் அங்கே ஆப்சென்ட். குழு, மேல்முறையீடு என்று இரண்டு மூன்று மாதம் ஓடினால், உங்களை நாங்கள் நீக்கவே இல்லை, வருகைதான் போதவில்லை என்று கையை விரிப்பார்கள். கேஸில் ஜெயித்தும் வருஷம் போய்விடும். அதனால் வழக்கு முடிகிறவரை வகுப்பில் உட்கார இடைக்கால உத்தரவு வாங்க வேண்டும். அதற்குச் சென்னையில் ஒரு வக்கீல் வேண்டும்.

உன் மச்சினன் இன்னும் பாரிமுனையில்தானே ஆபீஸ் வைத்திருக்கிறார்? கல்யாணத்தில் பந்தி விஷயத்தில் அவருக்கும் எனக்கும் நடந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். அவரால் முடியாவிட்டாலும் பாதகமில்லை, கல்விச் சேர்க்கை கேஸ் பார்க்கிற நல்ல ஆளாக ஒருவரைச் சொல்லட்டும். செலவுக்குப் பயந்து மாதையன் நிலத்தை அடமானம் வைக்கப் பார்க்கிறான். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், ஐகோர்ட்டிலும் அதற்குக் கமிட்டி இருக்கிறது, பேசாமல் இரு என்று பிடித்து வைத்திருக்கிறேன். காசு வாங்காத வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா என்று கேட்கிறான். அதையும் மச்சினனிடம் விசாரி.

பாப்பா தைரியமாகத்தான் இருக்கிறாள். அழுவதெல்லாம் அவள் அம்மாதான். நேற்று கடைக்கு வந்து, “மாமா, கையெழுத்துப் போட்ட மத்தவங்களையும் கூப்பிட்டு மிரட்டியிருக்காங்க, என் மனுவுல அவங்க பேரு எதுவும் வரக் கூடாது” என்றாள். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அடித்த தாளைக் கிழித்துவிட்டு வேறு அடித்தேன்.

நீ சரி என்றால் வருகிற திங்கள் ராத்திரி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மொரப்பூரில் ரயில் ஏறிவிடுவேன். தர்மபுரிக்கும் மொரப்பூருக்கும் பாதை போட்டு முடிக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று உன்னை மாதிரிக் காத்திருக்க முடியாது. உன் வீட்டில் மூன்று பேருக்கு இடம் இருக்குமா என்று தங்கச்சியிடம் கேட்டுவிட்டுச் சொல். உன் பேச்சு செல்லாது. போன் பண்ணுவதானால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் பண்ணு, பகலில் கடையில் கூட்டம்.

அன்புடன்,
சண்முகம்