சருகை மறந்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கழிவிலிருந்து உரம் தயாரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு. இரண்டாம் முறை ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு. நான்கு பக்கக் கட்டுரையில் 'சருகு' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. காய்கறித் தோலைத் தொட்டியில் போடுங்கள், மூடி வையுங்கள், சில வாரங்களில் 'கறுப்புத் தங்கம்' கிடைக்கும் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அதை நம்பி இந்த வாரம் தொட்டி வாங்கியவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் நடந்ததுதான்.

11 ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே உற்சாகத்தில்தான் தொடங்கினேன். மூடியுள்ள ஒரு பெரிய வாளி. அதில் தினமும் சமையலறையில் சேரும் தோலும் காம்பும். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பத்தாம் நாள் லேசான நாற்றம். மூடியை இன்னும் இறுக்கினேன். மூன்றாம் வாரம் மூடியைத் திறந்த அன்று வீட்டில் யாரும் என்னுடன் பேசவில்லை. அடியில் கறுப்பாகச் சேறு, மேலே வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். பக்கத்து வீட்டுக்காரர் நியாயம் கேட்க வருகிறார் என்று தெரிந்ததும் எதையாவது போட்டு அதை மறைக்க வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்தது, பெருக்கி ஒதுக்கி வைத்திருந்த ஒரு மூட்டைச் சருகு. அதை அப்படியே கொட்டினேன். மூடியைப் போடக்கூட நேரமில்லை. நான்கைந்து நாள் கழித்துப் பயந்துகொண்டே கிளறிப் பார்த்தால் நாற்றம் பெருமளவு அடங்கியிருந்தது. காரணம் பிற்பாடுதான் தெரிந்தது; அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது வெட்கம்.

காரணம் எளிது. காய்கறி, பழக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். குவியக் குவியத் தன் எடையிலேயே நசுங்கி, இடைவெளிகள் அடைபட்டுவிடும். காற்று போகாத இடத்தில் ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் வேலைக்குப் பெயர்தான் அழுகல். மக்குவது என்பது வேறு. அதைச் செய்பவை காற்றைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். அவற்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு கரிமம் (கார்பன்), அதற்கு 1 பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்). ஈரக் கழிவில் தழைச்சத்து தாராளம், கரிமம் போதாது. அந்தக் குறையை நிரப்புவது சருகு, வைக்கோல், மரத்தூள் போன்ற உலர்ந்த பொருள்கள். அதே சருகு குவியலுக்குள் காற்றுக்கும் வழிவிடுகிறது, மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது.

நானே கண்டுபிடித்ததுபோல இதைச் சொல்ல முடியாது. 1920களில் இந்தூரில் ஆய்வு செய்த வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த முறையிலேயே, கரிமம் தரும் தாவரக் கழிவு மூன்று பங்குக்குத் தழைச்சத்து தரும் சாணம் ஒரு பங்கு என்பதுதான் கணக்கு. நூறு ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கும் விஷயம் நான்கு பக்கக் கட்டுரையில் எப்படி விடுபட்டது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வீட்டில் யாரும் தராசு வைத்துக்கொண்டு கரிமத்தை நிறுக்கப் போவதில்லை. ஒரு கிண்ணம் ஈரக் கழிவு போட்டால் இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு போட வேண்டும், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் ஓரிரு துளிக்கு மேல் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு, பொடியாக உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினாலும் மருந்து சருகுதான்.

கட்டுரையில் இன்னும் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. குவியல் சூடேறிக் கிருமிகள் எல்லாம் அழிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். பெரிய குவியலில் அது உண்மை. 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் நீடித்தால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் மடிந்துவிடும். ஆனால் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்க ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவு குவியல் வேண்டும். வீட்டு வாளி வெதுவெதுப்பாவதோடு சரி. அதனால்தான் இறைச்சி, நோய் பிடித்த செடி, விதை முற்றிய களை ஆகியவற்றை வீட்டுத் தொட்டியில் போடக் கூடாது. 'மக்கும் பை' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பைகளும் இதே கதைதான். அவற்றில் பல, உரம் தயாரிக்கும் ஆலைகளில் இருக்கும் வெப்பத்தில் மட்டுமே மக்கும்; என் தொட்டியில் ஒன்று ஓராண்டு கழித்தும் எழுத்து அழியாமல் வெளியே வந்தது.

இரண்டாவது, அந்தக் 'கறுப்புத் தங்கம்'. மக்கிய உரத்தில் தழைச்சத்து பெரும்பாலும் 1 அல்லது 2 சதவீதம், யூரியாவில் 46. சத்தை மட்டும் எடை போட்டு ஒப்பிட்டால் தோற்றுப்போகும் பொருளை எதற்காகத் தங்கம் என்று விற்க வேண்டும்? அதன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. மணல் பாங்கான மண்ணில் அது நீரைப் பிடித்து வைக்கிறது. இறுகிய களிமண்ணைப் பொலபொலப்பாக்கி வேருக்கும் காற்றுக்கும் வழி விடுகிறது. சத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடுவதால் ஒரே மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போவதில்லை. இது ஆண்டுக்கணக்கில் தெரியும் பலன். இன்றைக்குப் போட்டு அடுத்த வாரம் இலை பச்சையாகும் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார். முழுதாக மக்காததை அவசரப்பட்டுப் போட்டாலோ, அது மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொண்டு செடியை வெளிறச் செய்யும். போட்டது எது என்று அடையாளம் தெரியக் கூடாது, மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும். அப்போதுதான் அது உரம்.

உண்மையில், உரமே கிடைக்காவிட்டாலும் நான் இதைச் செய்துகொண்டிருப்பேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில். இவ்வளவையும் பூமியில் புதைத்தால் என் வாளியில் நடந்ததுதான் மலையளவில் நடக்கும். காற்றில்லாத அழுகலில் மீத்தேன் உண்டாகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைப்போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. குப்பைக் கிடங்கின் அடியிலிருந்து கசியும் கறுப்பு நீர் நிலத்தடி நீரில் கலக்கிறது. இன்னொன்றை யாரும் பேசுவதில்லை: ஈரக் கழிவு தனியாகப் போய்விட்டால் மீதி இருக்கும் காகிதமும் அட்டையும் சுத்தமாக இருக்கும், மறுசுழற்சிக்கு விலை போகும். கழிவைப் பிரிப்பவர் அழுகலுக்குள் கைவிட வேண்டியிருக்காது. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய பலனாகப் படுகிறது. உணவை வீணாக்காமல் இருப்பது இதற்கெல்லாம் முந்தியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மறுபடியும் சருகுக்கே வருகிறேன். ஈரக் கழிவு நாள்தோறும் சேரும். சருகோ ஆண்டில் சில வாரங்கள்தான் கொட்டோ கொட்டென்று கொட்டும். அந்தச் சில வாரங்களில் நாம் செய்வது என்ன? கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறோம். நுரையீரலுக்குள் போகும் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் கலந்த அந்தப் புகையைத் தெருவே சுவாசிக்கிறது. மதிலுக்கு ஒரு பக்கம் சருகு இல்லாமல் தொட்டி நாறுகிறது. மறுபக்கம் சருகு எரிகிறது. காய்ந்த சருகை நொறுக்கி மூட்டை கட்டி, மழை படாமல் வைத்தால் ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் சேரும் சருகைச் சேமித்து, தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகளே கொடுக்கலாம். தொட்டியை இலவசமாகக் கொடுத்துவிட்டுச் சருகை எரிப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

கட்டுரையாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் எழுதியதால்தான் என் தெருவிலேயே இரண்டு பேர் தொட்டி வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் ஆளுக்கொரு மூட்டை கொடுத்துவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்: 'சென்ற இதழில் காய்கறித் தோல் என்று வரும் இடங்களில் எல்லாம், காய்கறித் தோலும் அதைப்போல் இரு மடங்கு சருகும் என்று படிக்கவும்.'

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி