இருபத்துநாலு கண்ணாடி டப்பா

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பானுவுக்கு வழக்கம்போல் மூட்டுவலி, வழக்கம்போல் ஊர்சுற்றல்.

இனி எளிமையாக வாழப்போகிறேன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ஒரே மாதிரி கண்ணாடி டப்பா இருபத்துநாலு ஆர்டர் போட்டிருக்கிறேன் என்கிறாயே, உன்னை என்ன செய்ய? காலி டப்பா சும்மா இருக்காதுடி. நிரப்பு நிரப்பு என்று உன்னைக் கடைக்கு விரட்டும்.

எதை எவ்வளவு வாங்குவது என்று கேட்டிருந்தாய். முதலில் இரண்டு மாதம் கணக்கெடு. பாக்கெட் பிரித்த நாளை அதன் மேலேயே எழுது, தீர்ந்த நாளைக் காலண்டரில் குறி. உங்கள் மூன்று பேருக்கு ஒருவேளைச் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால், 25 நாளைக்கு இரண்டரைக் கிலோ. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர், ஆக ஒன்றரை. ஆஃபரில் கிடைக்கிறதென்று ஐந்து லிட்டர் கேனைத் தூக்கினால் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கும். திறந்து திறந்து காற்றுப் பட்டு, கடைசி லிட்டர் சிக்கு வாடை அடிக்கும். மிச்சம் பிடித்த காசு சாக்கடைக்குப் போகும்.

அதற்காக எல்லாவற்றையும் பொட்டலம் பொட்டலமாக வாங்காதே. பொருளுக்குப் பொருள் ஆயுள் வேறு. காப்பிக்கொட்டை அரைத்த நிமிஷத்திலிருந்து மணம் போகும், அதனால் 200 கிராமுக்கு மேல் அரைக்காதே. ரவை அரைக்கிலோ போதும். வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு மூடு. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். பழைய ரவை மேல் புதியதைக் கொட்டவே கொட்டாதே, அடியில் இருக்கும் வண்டு புதியதற்கும் ஏறிவிடும். டப்பாவைக் காலிசெய்து, கழுவி, வெயிலில் ஈரம் போகக் காயவைத்த பிறகுதான் அடுத்தது. புளி இதற்கு நேர்மாறு. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருஷத்துக்கும் சேர்த்தே வாங்கு. கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவி ஜாடியில் அடைத்துவிட்டால் மறுவருஷம் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யோடு நிற்காதே. பக்கத்தில் கிராமுக்கு, மில்லிக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கும், அதை ஒப்பிடு. பெரியதுதான் மலிவு என்பது எப்போதும் சரியில்லை. ஷாம்புவில் பல நேரம் சின்ன சாஷேதான் பாட்டிலைவிட மில்லிக்கு மலிவு. சாஷே விற்பனை, கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த வேலை! இருந்தாலும் நான் பாட்டில் கட்சி. காலி பாட்டிலைப் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார், சாஷேயைத் தொடமாட்டார்.

பத்து நிமிஷ டெலிவரியைப் பற்றி ஒன்றே ஒன்று. முப்பது ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்க அறுபது ரூபாய்க்கு பிஸ்கட் சேர்ப்பது கணக்கா? வேண்டியதைத் தாளில் எழுதிவைத்து வாரம் ஒருமுறை வாங்கு.

ஆடித் தள்ளுபடி... வேண்டாம், உன்னிடம் அதைப் பேசிப் பயனில்லை. பாதி விலைப் புடவையானாலும் ஃபால்ஸும் பிளவுஸ் தையலும் முழு விலைதான் என்பதை மட்டும் நினைவில் வை.

அம்மாவின் பரணில் இருந்த எவர்சில்வர் சாமானை எடைக்குப் போடப்போவதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரிக்குத்தான் இத்தனை நாள் பதில் எழுத வரவில்லை. அண்டாவும் அடுக்கும் போகட்டும், உனக்கு அவை வேண்டாம். பேர் வெட்டின இரண்டு தூக்கையும் சம்புடங்களையும் எடுத்து வை. செக்குக் கடைக்குத் தூக்கைக் கொண்டுபோ. முதலில் வெறும் தூக்கைத் தராசில் வைத்து எடையைக் கழிக்கச் சொல், பிறகு ஊற்றட்டும். லிட்டர் கணக்கில் விலை சொல்லி எடையில் ஊற்றினால் கவனி. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம், அதற்குக் குறையக் கூடாது. ரவைக்குச் சம்புடம், பருப்புக்கு இன்னொன்று. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள், தளர்ந்த மூடிக்கு எறும்பு வரும்.

கண்ணாடி டப்பாவைத் திருப்பி அனுப்ப எத்தனை நாள் கெடு? பிரிக்காமல் வைத்திருக்கிறாய்தானே?

உன்,
மல்லி