யார்க் டச்சஸ் பட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் 'ராசியில்லாத பட்டம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, இங்கிலாந்தின் யார்க் டச்சஸ் (அதாவது யார்க் டியூக் என்ற பெரிய பிரபுவின் மனைவி) பட்டத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் அருமை, அதில் குறை இல்லை. ஆனால் எந்த டியூக் எந்தப் போரில் செத்தார், யாருடைய தலை எந்தக் கோட்டை வாசலில் தொங்கியது என்றே பக்கத்தை நிரப்பிவிட்டு, அந்தப் பட்டத்தோடு வாழ்ந்த பெண்களைக் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தியில் பெயர்ப் பட்டியலாகத் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். டச்சஸ் பற்றிய கட்டுரையில் டச்சஸ்களே இல்லை. அப்புறம் அந்த ராசி விஷயம். அதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

1474-ல் நான்காம் எட்வர்ட் தன் இரண்டாவது மகனுக்கு யார்க் டியூக் பட்டம் கொடுத்தார். அது முதல், அரசரின் இரண்டாவது மகனுக்கு இது என்று வழக்கமாகிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பத்துப் பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஐந்து பேர் அரசரானார்கள். அண்ணன் இளவயதில் செத்தான், அண்ணனுக்கு வாரிசு இல்லை, அண்ணன் முடியைத் துறந்தான் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். மற்ற ஐந்து பேருக்கும் பட்டத்தை வாங்கிக்கொள்ள மகன் இல்லை. அதனால்தான் இந்தப் பட்டம் ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக அப்பாவிடமிருந்து மகனுக்கு ஒரு தடவைகூட நேராகப் போனதில்லை. கட்டுரையாளர் சாபம் என்று சொல்வது இதைத்தான். பாதிப் பேரைச் சிம்மாசனத்தில் கொண்டுபோய் உட்காரவைத்த ஒன்றை ராசியில்லாதது என்றால், ராசியானது எது என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, பெண்களுக்கு வருகிறேன். செசிலி நெவில் என்று ஒருவர். 1415-ல் பிறந்தவர், 1474-க்கு முன்னால் இருந்த மூன்றாவது யார்க் டியூக் ரிச்சர்டின் மனைவி. உங்கள் கட்டுரையில் அவருக்கு அரை வரி. அப்போதைய உள்நாட்டுச் சண்டையில் ரிச்சர்ட் ராஜாவை எதிர்த்து நின்றவர். 1459-ல் லட்லோவில் ராஜாவின் படை நெருங்கியபோது அவர் அயர்லாந்துக்குத் தப்பி ஓடிவிட்டார், செசிலி சின்னப் பிள்ளைகளோடு அங்கேயே நின்றார். ஊரைச் சூறையாடினார்கள், அவரைப் பிடித்து அவருடைய சொந்த அக்காவின் வீட்டிலேயே காவலில் வைத்தார்கள். அக்காவோ எதிர்க்கட்சிக்காரரின் மனைவி. மறு வருஷம் டிசம்பரில் வேக்ஃபீல்டு போரில் கணவரும் ஒரு மகனும் ஒரே நாளில் போனார்கள். நீங்கள் படம் போட்டிருந்தீர்களே, யார்க் நகர வாசலில் காகிதக் கிரீடம் வைத்த தலை, அது இவருடைய கணவர்தான். அத்தோடு அந்த அம்மாள் கதை முடிந்தது என்றால் சாபம் என்று சொல்லலாம். ஆனால் மூன்றே மாதத்தில் மூத்த மகன் எட்வர்ட் ராஜாவானார். அவருக்கு முடியை ஏற்கும்படி பிரபுக்கள் கேட்டது தேம்ஸ் கரையில் இருந்த பெய்னார்ட்ஸ் கோட்டையில், அதாவது செசிலியின் லண்டன் வீட்டில். 1483-ல் கடைசி மகன் ரிச்சர்டுக்கு முடியைக் கொடுக்க வந்ததும் அதே வீட்டுக்குத்தான். தான் ராணியாகாமலே இரண்டு ராஜாக்களுக்குத் தாய்.

கடைசிக் காலத்தில் அவர் ஒரு நாளை எப்படிக் கழித்தார் என்று அந்த வீட்டு நடைமுறைக் குறிப்பே கிடைத்திருக்கிறது. காலை 7 மணிக்கு எழுந்து பிரார்த்தனை. மதியச் சாப்பாட்டின்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சமய நூல் வாசிக்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம், குறை சொல்ல வந்தவர் யாராக இருந்தாலும் பார்ப்பார். பிறகு கால் மணி நேரத் தூக்கம், கால் மணிதான். மதியம் கேட்டதை ராத்திரிச் சாப்பாட்டில் சுற்றியிருப்பவர்களுக்குத் தானே திருப்பிச் சொல்வார், படுப்பதற்கு ஒரு மணி முன்னால் ஒரு கோப்பை ஒயின், 8 மணிக்குப் படுக்கை. நான்கு மகன்கள் வளர்ந்து ஆளாகி, நான்கு பேரும் தனக்கு முன்னாலேயே போனதைப் பார்த்தவர், அதிலும் ஒரு மகனைக் கொன்றது இன்னொரு மகனின் அரசாங்கம். அதற்குப் பிறகும் இப்படி ஒழுங்காக நாளை ஓட்டி 1495-ல் எண்பது வயதில் கண்ணை மூடினார். அப்போது இங்கிலாந்தின் ராணியாக இருந்தது அவருடைய பேத்தி. இதைவிட அழுத்தமான மனுஷியை அந்தக் குடும்பத்தில் எனக்குத் தெரியாது, ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செசிலி விதவை டச்சஸாக இருந்த காலத்திலேயே இன்னொரு யார்க் டச்சஸும் இருந்தார், வயது ஐந்து! ஆன் மௌப்ரே. நார்ஃபோக் டியூக் ஆண் வாரிசு இல்லாமல் செத்ததும் அத்தனை சொத்தும் இந்தக் குழந்தையின் பெயருக்கு வந்தது, உடனே நான்காம் எட்வர்ட் தன் நான்கு வயது மகனுக்கு முடித்துவைத்தார், 1478 ஜனவரியில். எட்டு வயதில் பெண் இறந்துவிட்டது. இறந்தால் சொத்து பெண் வீட்டு உறவுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்? போகவில்லை. சிறுவன் கையிலேயே இருக்கட்டும் என்று பாராளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள். சொத்துக்காகச் சின்னப் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடுவது எந்த ஊரிலும் உண்டு போலிருக்கிறது. 1964-ல் லண்டன் ஸ்டெப்னியில் கட்டட வேலைக்குத் தோண்டியவர்களுக்கு ஒரு ஈயப் பெட்டி கிடைத்தது. மேலே இருந்த தகட்டில் அவள் பெயர், உள்ளே தலைமுடிகூட மிச்சமிருந்தது. அடுத்த வருஷம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் திரும்ப அடக்கம் செய்தார்கள். அவளுடைய சிறுவன் கணவன் லண்டன் கோபுரத்தில் காணாமல் போன இரண்டு இளவரசர்களில் இளையவன். அவனுக்கு நீங்கள் இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள், அவளுக்குப் பெயர் மட்டும், அதுவும் எழுத்துப் பிழையோடு.

ஆன் ஹைடு கதை இன்னும் சுவாரசியம். வக்கீல் வீட்டுப் பெண், அரச ரத்தம் கிடையாது. அரச குடும்பம் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் யார்க் டியூக் இளவரசர் ஜேம்ஸின் அக்காவிடம் தோழியாக வேலை பார்த்தவர். ஜேம்ஸ் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டார், பெண் கர்ப்பம். அதற்குள் அண்ணன் இரண்டாம் சார்லஸுக்கு முடி திரும்பக் கிடைத்து, தம்பியின் மதிப்பும் ஏறிவிட்டது. 1660 செப்டம்பரில் பெண்ணின் அப்பா வீட்டிலேயே நடுராத்திரியில் ரகசியக் கல்யாணம், அப்பாவுக்கே தெரியாமல். விஷயம் தெரிந்ததும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? மகளைக் கோபுரச் சிறையில் அடைத்துத் தலையை வெட்டச் சட்டம் கொண்டுவாருங்கள், முதல் ஆளாக நானே முன்மொழிகிறேன் என்றார். இதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஜேம்ஸின் நண்பர்கள் ஒருபடி மேலே போய், அந்தப் பெண்ணோடு எங்களுக்கும் பழக்கம் உண்டு என்று கூசாமல் பொய் சொன்னார்கள், பிறகு அவர்களே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ராஜா மட்டும் உறுதியாக நின்றதால் கல்யாணம் நிலைத்தது. எட்டுப் பிள்ளை பெற்று இரண்டு பெண்கள்தான் தங்கினார்கள், 1671-ல் முப்பத்து நான்கு வயதில் புற்றுநோயில் இறந்தார். தங்கிய இரண்டு பெண்களும், இரண்டாம் மேரியும் ஆனும், பின்னால் நாட்டை ஆண்டார்கள். வேண்டாத மருமகள் என்று ஒரு காலத்தில் மூஞ்சியைத் திருப்பிய அரண்மனைக்கு இது தேவைதான்.

அடுத்து ஜேம்ஸ் கட்டியது மொடீனாவின் மேரியை. அவருக்கு வயது பதினைந்துகூட நிறையவில்லை, ஜேம்ஸுக்கு நாற்பது. மடத்தில் சேர இருந்த பெண்ணைப் பிடித்து அனுப்பிவைத்தார்கள். 1685-ல் ராணி, மூன்றே வருஷத்தில் பிரான்சுக்கு ஓட்டம். பிரஷ்யாவிலிருந்து 1791-ல் வந்த ஃபிரெடரிக்காவுக்குக் கணவர் யார்க் டியூக் ஃபிரெடரிக்கோடு ஒத்துப்போகவில்லை, குழந்தையும் இல்லை. ஓட்லண்ட்ஸ் பங்களாவில் நாய்களோடு தனியாக இருந்துவிட்டார். வந்த புதிதில் லண்டன் பத்திரிகைகள் அவருடைய சின்னப் பாதத்தையே பேசித் தீர்த்தன, கேலிச் சித்திரம்கூட வந்தது. ஆனால் அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு அவர் செய்ததை வேபிரிட்ஜ் ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. லண்டன் செவன் டயல்ஸ் சந்திப்பிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஒரு கல்தூணை விலைக்கு வாங்கி 1822-ல் அவர் நினைவாக நட்டார்கள். இன்றும் நிற்கிறது.

டெக் மேரிக்கு முதலில் நிச்சயமானது, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவான இளவரசரின் அண்ணனோடு. அவர் 1892-ல் காய்ச்சலில் போகவே மறு வருஷம் தம்பி ஜார்ஜைக் கட்டி யார்க் டச்சஸ் ஆனார். 1901 ஏப்ரலில் இருவரும் கொழும்பிலும் கண்டியிலும் இறங்கியதை உங்கள் இலங்கை வாசகர்களுக்காகவாவது சேர்த்திருக்கலாம். இவருடைய மருமகள் எலிசபெத் 1923 முதல் 1936 வரை யார்க் டச்சஸ். மைத்துனர் முடியைத் துறக்கப் போய் ராணியானவர். இரண்டு பேரையும் ராசியில்லாதவர்கள் என்று அவர்கள் காதுபடச் சொல்லிவிட முடியுமா?

இப்போது சாரா ஃபெர்குசன், யார்க் டியூக் ஆண்ட்ரூவின் மனைவியாக இருந்தவர். 2025-ல் அவருடைய டச்சஸ் பட்டம் பறிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1996-லேயே போய்விட்டது ஐயா. டியூக் பட்டத்தை அரசர் கொடுப்பது ஆணுக்கு. மனைவிக்குத் தனி ஆணை எதுவும் இல்லை, தாலி ஏறினால் டச்சஸ், அவ்வளவுதான். கணவர் ராஜாவானால் பட்டம் கிரீடத்தோடு கரைந்துவிடும், கணவர் இறந்தால் விதவை டச்சஸ், விவாகரத்து ஆனால் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வெறும் வால். 1996 மே மாதம் விவாகரத்து, ஆகஸ்டில் வந்த அரசாணையில் விவாகரத்தான மனைவியருக்கு மேதகு (ராயல் ஹைனஸ்) அடைமொழி கிடையாது என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். 2025 அக்டோபரில் ஆண்ட்ரூ இனி பட்டங்களைப் பயன்படுத்த மாட்டேன் என்றபோது அந்த வாலும் போனது. அந்த மாதக் கடைசியில் அரசர் இன்னும் கடுமையான நடவடிக்கை எடுத்தார் என்பது உண்மை. ஆனால் ஒரு டியூக் பட்டத்தைச் சட்டப்படி அடியோடு எடுக்கப் பாராளுமன்றச் சட்டம் வேண்டும், முதல் உலகப் போரில் ஜெர்மனி பக்கம் நின்ற கம்பர்லாந்து, ஆல்பனி டியூக்குகளுக்கு 1917-ல் போட்ட சட்டத்தின்படி 1919-ல் செய்தார்களே, அந்த மாதிரி.

பெண்ணை மட்டும் குறிவைத்து ஓர் ஆணை வேண்டுமென்றால் 1937-ஐப் பாருங்கள். யார்க் டியூக்காக இருந்து ஆறு மாதம் முன்னால் ராஜாவான ஆறாம் ஜார்ஜ், தன் அண்ணன் வின்ட்சர் டியூக்கின் கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, அந்த மேதகு அடைமொழி அண்ணனுக்கு மட்டும்தான், வரப்போகும் மனைவிக்கு இல்லை என்று அரசாணை போட்டார். வாலிஸ் சிம்ப்சன் 1986-ல் சாகும்வரை டச்சஸ்தான், மேதகு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. ராசியும் சாபமும் இதில் எங்கே வருகிறது? குடும்பச் சண்டையை அரசாங்கக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

இணையப் பதிப்பில் தலைப்பை மாற்ற மனமில்லாவிட்டால் போகட்டும், 2025 என்பதை 1996 என்று திருத்தி, மௌப்ரே பெயரையும் சரியாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை விடாமல் படிக்கும் வாசகர்,
தஞ்சாவூர்