அரிவாள்மனைக் கீறல்

கும்பகோணம்
ஞாயிறு, ராத்திரி

விஜி,

பொங்கலுக்கு நீ போட்ட கார்டுக்குப் பதில் இல்லை, உன் வீட்டுப் பால் காய்ச்சுக்கும் வரவில்லை. திட்டையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். போன் பண்ணக்கூடாதா என்பாய். பத்து நிமிஷம் போனில் நின்றால், மறதி நோயில் இருக்கிற அத்தை தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு தெருவில் இருப்பார். அதனால் ஹாஸ்டல் வழக்கப்படி ராத்திரி எழுத்து. டார்ச் அடிக்க வார்டனம்மா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் என் கட்டைவிரல். சிரிக்காதே.

பொங்கலுக்கு முந்தின நாள் தேங்காய் துருவும்போது அரிவாள்மனை கீறிவிட்டது. நீளமில்லை, கொஞ்சம் ஆழம். மஞ்சளை வைத்து அழுத்திவிட்டு மிச்சத் தேங்காயையும் துருவினேன். பத்து நாளில் ஆறிப்போக வேண்டியது, மாசி மகம் வந்தும் ஆறவில்லை. ஊரே குளத்தில் முங்கி எழுந்தபோது நான் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன், அம்பயர் மாதிரி. இவருக்குச் சர்க்கரை பயம் வந்துவிட்டது. ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 92, மூன்று மாத சராசரி 5.4. "ஒண்ணுமில்லை" என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். ஒன்றுமில்லையென்றால் ஏனடி ஆறவில்லை?

டாக்டர் சின்னப் பெண். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தூக்கம் எப்படிம்மா இருக்கு?" என்றாள். நான் சொன்ன பதிலைக் கேள்: "ரெண்டு மணிக்கு எழுந்து ஊருக்குப் போகணும்னு மூட்டை கட்டுவாங்க. விடியற்காலைல கொஞ்சம் அசருவாங்க." அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் உங்க தூக்கத்தைக் கேட்டேன்." எனக்குப் பதிலே வரவில்லை, விஜி. அதை நான் கவனித்திருக்கவே இல்லை.

அதன்பிறகு அவள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்கு வந்து பையனைப் போட்டுப் பிடுங்கி முழுசாக வாங்கிப் படித்தேன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம், 1995. ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற அம்மாவின் குழு. மறதி நோய் வந்த சொந்தக்காரரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பெண்கள் 13 பேர், அதே வயசும் வருமானமும் உள்ள வேறு 13 பெண்கள். எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டருக்கு ஒரே அளவாகத் தோலை எடுத்துக் காயம் பண்ணினார்கள். போட்டோ எடுத்து, புண் கழுவுகிற பெராக்சைடு விட்டுப் பார்ப்பார்கள். நுரைக்கவில்லையென்றால் ஆறிவிட்டது என்று கணக்கு. என்னைப்போல வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆற ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. மற்றவர்களுக்கு 39 நாள், இவர்களுக்கு 48 நாளுக்கு மேல்.

நான் அதை நாலு தடவை படித்தேன். மூன்று வருஷமாக "என்னால் முடியலை" என்று சொல்லி யாரும் நம்பாததை, எங்கேயோ யாரோ மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார்கள்!

உன் பெண் பல் டாக்டருக்குப் படிக்கிறாளே, அவளிடம் இதைச் சொல்லாதே. அதே குழு 1998-இல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேல் அண்ணத்தில் காயம் பண்ணிப் பார்த்திருக்கிறது. ஒன்று கோடை விடுமுறையில், இன்னொன்று பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால். பரீட்சைக் காயம் ஆற சராசரியாக மூன்று நாள் கூடுதல். நமக்கு பி.எஸ்சி. பரீட்சைக்கு முன்னால் வாய்ப்புண் வருமே, நீ மெஸ் குழம்பின்மேல் பழி போட்டாய். அந்தக் குழம்பும் லேசுப்பட்டதில்லை, அதை விடு.

சங்கதி இதுதான். காயம் பட்டதும் அந்த இடம் சிவந்து வீங்குகிறதே, அது உடம்பு ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுகிற வேலை. கவலை வந்தால் சிறுநீரகத்தின்மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை விடுகிறது. தெருநாய் துரத்தினால் அது வேண்டும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி ஓடவைக்கும், ரிப்பேர் வேலையை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கும். நாய் போனதும் அடங்கிவிடும். எனக்கு நாய் மூன்று வருஷமாகத் துரத்துகிறது. அத்தையைச் சொல்லவில்லை, அந்த இரண்டு மணியைச் சொல்கிறேன்.

இவர் விடுவாரா, பயாலஜி வாத்தியார். "அல்சருக்கும் டென்ஷன்தான் காரணம்னு சொல்லிட்டிருந்தாங்க. ஆஸ்திரேலியா டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல கிருமியைக் குடிச்சுக் காட்டி, 2005-ல நோபலே வாங்கிட்டார்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் கவலையின் தலையில் கட்டினால் உண்மையான வியாதி ஒளிந்துகொள்ளும். நம் சாந்தாவின் நெஞ்சுவலியை "டென்ஷன்மா" என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்களே. அவள் பெயரை எழுதும்போதே கை நிற்கிறது. இந்தப் பெண் சர்க்கரையைப் பார்த்து முடித்த பிறகுதான் தூக்கத்தைக் கேட்டாள், அதனால்தான் நம்பினேன்.

வேடிக்கை என்ன தெரியுமா? இந்த வீட்டில் தினம் என் விரலை விசாரிப்பது அத்தை ஒருத்தர்தான். காலையில் கட்டைப் பார்த்ததும், "அடடா, எப்பம்மா வெட்டிக்கிட்டே? மஞ்சள் வை" என்பார். என் பெயர் தெரியாது, யார் வீட்டுப் பெண் என்றும் தெரியாது. ஆனால் தினம் புதுசாகப் பதறுவார். கோபமாக இருக்கவும் விடமாட்டேன் என்கிறார்.

இப்போது செவ்வாய், வியாழன், சனி ராத்திரி இவர் முறை. முதல் நாளே அம்மாவோடு உட்கார்ந்து மூட்டை கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, காலையில் எனக்கு முன்னால் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டார். நாத்தனாரிடம் கோடைக்கு இரண்டு மாசம் அம்மாவை வைத்துக்கொள்ளச் சொன்னேன். வீடியோவில் பார்த்தால் அம்மா நல்லாத்தானே இருக்காங்க என்கிறாள். வீடியோவில் நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

விரல் ஓரத்தில் தோல் கூட ஆரம்பித்திருக்கிறது. நடுவில் இன்னும் சிவப்பு.

உன் கழுத்து வலியைப் பற்றி நீ எழுதியே ஆறு மாசம் ஆகிறது. வங்கிக் கடன் முடிந்ததா, அதையும் சொல். ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து வா, ராத்திரி பேசலாம். வரும்போது கறிவேப்பிலைப் பொடி. தேங்காய் துருவுகிற சமையல் எதுவும் என்னிடம் எதிர்பார்க்காதே.

உன்
மங்கை