சுவரிடுக்கில் செலாஜினெல்லா

அன்புள்ள முருகேசனுக்கு,

முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவை. நான் மகள் வீட்டில்தான், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் இருக்கிறேன். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம், உனக்கென்றே ஒரு சேதி. கல்லூரியில் ஸ்லைடில் மட்டும் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்தோமே, பூவும் விதையும் இல்லாமல் ஸ்போர் என்ற நுண்துகளால் பெருகும் அந்தச் சின்னச் செடி செலாஜினெல்லா, இங்கே சுவர் சுவராகப் படர்ந்து கிடக்கிறது. இனம் டென்டிகுலேட்டா. 1753-லேயே தாவரவியலாளர் லின்னேயஸ் இதை லைக்கோபோடியம் என்ற பேரினத்தில் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்.

டிராமுன்டானா மலைச்சரிவுகளில் ஒலிவ மரங்களுக்காகச் சாந்தில்லாமல் கல்லடுக்கிப் படிப்படியாகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வடக்கு பார்த்த சுவரில் வெயில் அதிகம் விழாது, இடுக்கில் ஈரம் தங்கும். அங்கேதான் இது. பாசி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நான்கு வரிசை இலை: பக்கவாட்டில் பெரியவை இரண்டு வரிசை, மேலே தண்டோடு ஒட்டிச் சின்னவை இரண்டு வரிசை. ஓரமெல்லாம் நுண்ணிய பற்கள். நம் பாடப் படத்தில் ஸ்போர்ப் பைகள் இருக்கும் கூம்பு தனியாக எடுப்பாகத் தெரியும். இதில் கிளை எங்கே முடிகிறது, கூம்பு எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. இலைக்கக்கத்தில் ஒரு பை நான்கு புடைப்போடு இருக்கும். உள்ளே பெரிய ஸ்போர் நான்கே நான்கு. இன்னொரு பையில் மஞ்சள்தூள் போலச் சின்ன ஸ்போர்கள்.

சின்ன ஸ்போரிலிருந்து வரும் ஆணணு நீந்தித்தான் பெண்ணணுவை அடைய வேண்டும். அதற்கு ஒரு படலம் தண்ணீராவது வேண்டும். இங்கே மழை குளிர்காலத்தில்தான், கோடை வறண்டது. அதனால் நம் மேற்கு மலைச் செலாஜினெல்லாக்கள் ஜூன் மழையில் தழைக்க, இது அந்தச் சமயத்தில் செங்கல் நிறமாகிக் காயும்.

30 கோடி ஆண்டுகளுக்கு முன் 100 அடி வளர்ந்து, பிறகு நிலக்கரியான லெப்பிடோடென்ட்ரானுக்கு இது உறவு. அந்த மரங்கள் போய்விட்டன, விரல் நீளச் செடி பிழைத்திருக்கிறது. இடிந்த சுவரைச் சிமென்ட் பூசிக் கட்டினால் அதற்கும் இடமிருக்காது என்பதுதான் என் கவலை. சாந்தில்லாமல் கல்லடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அது கொஞ்சம் ஆறுதல்.

உன் மாணவர்களை மழை தொடங்கியதும் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போ. ஸ்லைடுக்கு முன்னால் செடியைப் பார்க்கட்டும். நான் மே மாதம் ஊருக்கு வந்துவிடுவேன், முழங்கால் தேறியிருந்தால் நாமும் சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
ராமநாதன்